பனி

முப்பத்தொரு பிள்ளைகள் சேர்ந்து வாசித்தால்
முனிச்சாலை முக்கு டீக்கடை வரைக்கும் கேட்கும்.
"ஒங்க கிளாசு நல்லா வாசிக்குது டீச்சர்" என்பார்
மாஸ்டர், பாலைத் தூக்கி ஆற்றியபடி.
நானும் நம்பினேன்.

சோலைராஜ் ஐந்தாம் பக்கத்தை
ஜன்னல் அணிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"மரத்தில் குருவி கூடு கட்டியது."
விரல் இருந்தது யானை மேல்.
மற்றவர் வாயிலிருந்து விழுவதை
அரை நொடி பிந்திப் பொறுக்கியிருக்கிறான்
ஜூனிலிருந்து.
கூட்டத்தோடு கூட்டமாய்க் கை குவிப்பவனை
எந்தச் சாமி கண்டுபிடிக்கும்?

கோரஸை அன்றோடு நிறுத்தினேன்.
என் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம்,
ஒரு நாளைக்கு ஆறு பேர்.
மிச்சப் பேர் பாயைச் சுருட்டி
ரயில் விடாமல் இருந்தால் ஏழு.

ஆசிகா பானு கொம்பைக் கண்டால் நின்றுவிடுவாள்.
எ... க... எ... க...
முன்னால் எழுதியதைப் பின்னால் சொல் என்று
ஆறு வயதிடம் எந்த நியாயத்தில் கேட்பது?
"ஊர்வலத்துல கொம்பு ஊதுறவர் எங்க போவார்?"
"முன்னால."
"கும்பிடுறது யாரை?"
யோசித்தாள். அவள் தெருவிலும் ஊர்வலம் போகும்.
"பின்னால வர்றவங்கள."
"அப்போ?"
க் என்றாள். எ என்றாள்.
கெ.
பாயில் இருந்தவர்கள் ரயிலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில்
தெருவிலிருந்து ஒரு சொல் கொண்டுவர வேண்டும்.
பரோட்டா வந்தது. வாடகைக்கு வந்தது.
தெப்பக்குளம் வந்தது, ஒரு ப் வழியில் தொலைந்து.
சோலைராஜ் கொண்டுவந்தது:
நோட்டீஸ் ஒட்டாதீர்.
முதன்முதலாய்த் தானே வாசித்தது
ஒரு தடை உத்தரவு.
வீட்டுச் சுவரெல்லாம் அதையே எழுதி
அடி வாங்கினானாம்.
பெருமையாய்த்தான் சொன்னான்.

ஹம்சிகாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.
நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொல்,
தடுக்காமல், மூச்சு முட்டாமல்.
வாசித்ததை வரை என்றேன்.
பனி என்ற சொல்லுக்கு நேரே
ஒரு டம்ளர் வரைந்திருந்தாள், விளிம்பு வரை நீரோடு.
சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

மதியம், சத்துணவுத் தட்டு கழுவும் குழாயடியில்,
அடுத்த வகுப்பு அக்காவை முட்டித் தள்ளிக்கொண்டு
அவள் கத்தினாள்: "பனி! பனி!"
வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில்
தாகத்துக்கு அதுதான் பெயர்.
பதினொரு வருடமாய் இந்தத் தெருவில் வேலை.
இந்த ஒரு சொல் என் காதில் விழவேயில்லை.
அதுவும் போக,
மதுரையில் பனியைக் கண்ட பிள்ளை எது?
மார்கழி விடியலில் கோலப்பொடி நமுத்திருக்கும்,
அவ்வளவுதான்.
எழுத்தை வாசித்தாள், சரி.
பொருளையும் வாசித்திருக்கிறாள்,
என் அகராதியில் இல்லாத பக்கத்தில்.

சிவப்பு மையை அழிக்க ரப்பர் கிடையாது.

மறுநாள் டீக்கடை ஃபிரிட்ஜிலிருந்து
எவர்சில்வர் டம்ளரில் ஜில் தண்ணீர் வாங்கி
மேசை மேல் வைத்தேன்.
யாரும் பேசவில்லை.
டம்ளரின் வெளிப்பக்கம் மெல்ல வியர்த்தது.
"உள்ளே இருக்கிறது உன் பனி" என்றேன்.
ஹம்சிகா விரலால் வெளியே தொட்டு
"இது உங்களுதா?" என்றாள்.
சோலைராஜ் ரெண்டையும் நக்கிப் பார்த்து
ஒரே ருசி என்று தீர்ப்புச் சொன்னான்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
மாஸ்டர் கேட்டார்:
"என்ன டீச்சர், இப்பல்லாம் சத்தத்தையே காணோம்?
பாடம் நடக்குதா?"

செவ்வாய்க்கிழமை.
ஆசிகா பானு யானையில் நிற்கிறாள்.
யா வந்துவிட்டது. னை வரவில்லை.
நாக்கு நுனியில் எனக்கு அரிக்கிறது.
ஐந்து எண்ணும் வரை வாய் திறப்பதில்லை என்று
என்னையே பழக்கிவைத்திருக்கிறேன்.
ஜன்னலில் அணில்.
அவள் உதடு அசைகிறது, ஒலி இல்லை.
மூன்று.
நான்கு.